சுருளைச் சுமந்த பெபேயாள்

வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 6

சிறைக் கதவு திறந்துவிட்டது. பிலிப்பி நகரத்து அதிகாரிகளே நேரில் வந்து, தயவுசெய்து ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். முந்தின நாள் சந்தைவெளியில் துணியை உரித்துப் பிரம்பால் அடித்தார்களே, அந்த இரண்டு பேரும் ரோமக் குடிமக்கள் என்பது விடிந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியவந்தது. விசாரணை இல்லாமல் ரோமக் குடிமகன்மேல் கை வைப்பது சட்டப்படி குற்றம். அந்தப் பயம்தான் கெஞ்ச வைத்தது.

பவுலும் சீலாவும் ஊரைவிட்டுப் போனார்களா? இந்தக் கேள்வியோடுதான் போன வாரம் நிறுத்தினோம்.

உடனே போகவில்லை. முதுகுக் காயம் ஆறுவதற்குள், நேரே லீதியாளின் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வீட்டுக் கதவு திறந்ததே பெரிய விஷயம். லீதியாள் வெளியூர்க்காரர். சிறிய ஆசியாவின் தியத்தீராவிலிருந்து வந்து, மக்கெதோனியாவில் இருந்த இந்த ரோமக் குடியேற்ற நகரத்தில் இரத்தாம்பரம், அதாவது ஊதாச் சாயமேற்றிய துணி, விற்றுக்கொண்டிருந்தவர். விலை உயர்ந்த சரக்கு அது. கடல் சங்கிலிருந்து எடுக்கும் அசல் ஊதாச் சாயத்தை 1909-ல் பால் ஃப்ரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் சோதனைக்காகப் பிரித்தெடுத்தபோது, 12,000 சங்குகளிலிருந்து கிடைத்தது வெறும் 1.4 கிராம். லீதியாள் விற்றது சங்குச் சாயமோ, தியத்தீராப் பக்கத்து வேர்ச் சாயமோ, வாங்கியவர்கள் வசதி படைத்தவர்கள். ஊர் அதிகாரிகள் அடித்து உள்ளே தள்ளிய இரண்டு பேரை அப்படிப்பட்ட வியாபாரி மறுநாளே வீட்டுக்குள் அழைத்தால், வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள்? லீதியாள் அதைப் பார்க்கவில்லை. மற்ற விசுவாசிகளும் அங்கேதான் கூடியிருந்தார்கள். அவர்களைத் தேற்றிவிட்டுத்தான் பவுல் கிளம்பினார்.

இன்னொரு செய்தியும் உண்டு. பவுல் அடுத்துப் போன தெசலோனிக்கேயாவுக்குப் பிலிப்பிச் சபை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பண உதவி அனுப்பியது. அதற்குப் பிறகு அவர் கொரிந்துவில் கையில் காசில்லாமல் இருந்தபோதும் மக்கெதோனியாவிலிருந்துதான் உதவி வந்தது. இரண்டையும் அவரே தன் நிருபங்களில் எழுதியிருக்கிறார். பிலிப்பிச் சபை தொடங்கியது லீதியாளின் வீட்டில். பணம் எந்தத் திசையிலிருந்து வந்திருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

லீதியாளை இங்கே விட்டுவிடுவோம். நாம் போகவேண்டிய ஊர் தெற்கே இருக்கிறது. அங்கே ஒரு பெண் இருக்கிறார். அவரைப் பற்றி பைபிளில் இருப்பது இரண்டே இரண்டு வசனம். அந்த இரண்டு வசனத்துக்குள் ஒரு கடல் பயணம், ஒரு தலைநகரம், 2,000 ஆண்டுகளாக உலகம் படித்துக்கொண்டிருக்கும் ஒரு கடிதம் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

★

கொரிந்து. கி.மு. 146-ல் ரோமப் படை தரைமட்டமாக்கிய ஊர். நூறு வருடம் பாழாய்க் கிடந்ததை கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றினார். வந்து குடியேறியவர்களில் நிறையப் பேர் விடுதலை பெற்ற அடிமைகள். பரம்பரைப் பெருமை பேச ஆள் இல்லாத ஊர். பணம் சம்பாதித்தவர் மேலே வரலாம்.

பணம் வந்தது கடலிலிருந்து. கிரேக்கத்தின் வட பகுதியையும் தென் பகுதியையும் இணைப்பது ஏறத்தாழ 6 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு நிலத்துண்டு. அதன் மேற்குக் கரையில் லெக்கேயம், கிழக்குக் கரையில் கெங்கிரேயா என்று கொரிந்துவுக்கு இரண்டு துறைமுகங்கள். தெற்கே மாலியா முனையைச் சுற்றிப் போவது மாலுமிகளுக்குச் சிம்ம சொப்பனம். அதைச் சுற்றப் போகிறவன் தன் வீட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவர்களிடையே ஒரு பழமொழியே இருந்ததாகப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அதனால் ஒரு துறைமுகத்தில் சரக்கை இறக்கி, தரைவழியாக இழுத்து, மறு துறைமுகத்தில் ஏற்றினார்கள். ஆசியாவிலிருந்து வருவது கெங்கிரேயாவில் இறங்கும். இத்தாலிக்குப் போவது லெக்கேயத்தில் ஏறும்.

கி.பி. 50 வாக்கில் பவுல் இங்கே வந்தபோது அவருக்கு இடம் கொடுத்தவர்கள் ஒரு தம்பதி. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா. கூடாரம் செய்வது தொழில். கிலவுதியு பேரரசர் யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றியபோது, கி.பி. 49 வாக்கில், ஊரை விட்டு வந்தவர்கள். பவுலுக்கும் அதே தொழில் தெரியும். மூன்று பேரும் ஒரே பட்டறையில் உட்கார்ந்து தைத்தார்கள்.

இந்தத் தம்பதியைப் புதிய ஏற்பாடு 6 இடங்களில் குறிப்பிடுகிறது. பழைய கையெழுத்துப் படிகளின்படி அவற்றில் 4 இடங்களில் மனைவியின் பெயர்தான் முதலில் வருகிறது. கணவன் பெயரை முதலில் சொல்வது வழக்கமாயிருந்த காலத்தில் இது தற்செயலாக நடக்காது. பிரிஸ்கில்லாள் குடும்ப அந்தஸ்தில் உயர்ந்தவராக இருந்திருக்கலாம், சபை வேலையில் முன்னால் நின்றவராக இருந்திருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. பின்னாளில் எபேசுவில், அப்பொல்லோ என்ற பெரிய பேச்சாளரைத் தனியே அழைத்துப் போய்ப் பாடம் சொல்லித் திருத்தியவர்களில் இவரும் ஒருவர்.

கொரிந்துவில் பவுல் இருந்தது ஒன்றரை வருடம். இடையில் எதிரிகள் அவரைப் பிடித்து ஆளுநர் கல்லியோனின் நியாயாசனத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். கல்லியோன் வேறு யாருமல்ல, தத்துவஞானி செனெக்காவின் அண்ணன். பவுல் வாயைத் திறப்பதற்கு முன்பே, இது உங்கள் மதத் தகராறு, எனக்கு வேலையில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார். டெல்ஃபியில் கிடைத்த ஒரு கல்வெட்டு கல்லியோனின் பெயரைச் சொல்கிறது. அதை வைத்துத்தான் பவுலின் கொரிந்து நாட்களைக் கி.பி. 51, 52 என்று கணக்கிட முடிகிறது. பவுலின் வாழ்க்கையில் ஏறத்தாழ உறுதியாகச் சொல்லக்கூடிய தேதி இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்தவை.

பிறகு பவுல் ஊரை விட்டுக் கிளம்பினார். கிழக்கே கப்பலேற கெங்கிரேயாவுக்கு வந்தார். ஏதோ ஒரு நேர்த்திக்கடனுக்காக அங்கே தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் கூடவே கப்பலேறினார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் கெங்கிரேயாவைப் பற்றி வருவது இவ்வளவுதான், ஒரே ஒரு வசனம்.

அந்தத் துறைமுகத்தில் ஒரு சபை உருவாகியிருந்தது என்ற சேதி அதில் இல்லை. அந்தச் சபையை யார் கட்டிக் காத்தார்கள் என்பதும் இல்லை. அதற்கு விடை 5 வருடம் கழித்து, ஒரு குளிர்காலத்தில், வேறொரு ஆவணத்தில் வருகிறது.

★

கி.பி. 57 வாக்கில் பவுல் மறுபடி கொரிந்துவில் இருக்கிறார். 3 மாதம் தங்கல். காயு என்பவரின் வீடு. சபை முழுவதையும் உபசரிக்கும் அளவுக்குப் பெரிய வீடு. ஒரு பக்கம் பவுல் சொல்லிக்கொண்டே போகிறார். மறு பக்கம் தெர்தியு என்ற எழுத்தர் நாணல் பேனாவால் பாப்பிரஸில் எழுதுகிறார். கடிதத்தின் முடிவில், இதை எழுதிய தெர்தியுவாகிய நானும் வாழ்த்துகிறேன் என்று தன் பங்குக்கு ஒரு வரியைச் சேர்த்துவிட்ட புண்ணியவான் இவர்.

கடிதம் போகவேண்டிய இடம் ரோம். பவுல் அதுவரை போகாத ஊர். அங்கிருந்து மேற்கே ஸ்பெயின்வரை போகவேண்டும் என்பது அவர் கனவு. அதற்கு ரோமில் உள்ள விசுவாசிகளின் துணை வேண்டும். ஆனால் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. கி.பி. 54-ல் கிலவுதியு இறந்த பிறகு, வெளியேற்றப்பட்ட யூதர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். இடைப்பட்ட வருடங்களில் சபைகள் யூதரல்லாதவர்கள் கைக்குப் போயிருந்தன. எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது, எந்த நாளை விசேஷமாக அனுசரிப்பது என்று சாப்பாட்டு மேசையிலேயே பிணக்கு. அதைத் தீர்க்கவும் இந்தக் கடிதம் தேவைப்பட்டது.

கிரேக்க மூலத்தில் ஏறத்தாழ 7,100 சொற்கள். அந்தக் காலத்துச் சாதாரணக் கடிதம் ஒரே தாளில் முடிந்துவிடும். இது தாள் தாளாக ஒட்டிச் சுருட்டிய நீளச் சுருள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. எழுத்துகள் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தடவை கையில் எடுப்பவர் தடுமாறாமல் வாசிப்பது கஷ்டம். மை என்பது புகைக்கரியையும் பிசினையும் தண்ணீரில் குழைத்தது. ஈரம் பட்டால் கரைந்து ஓடிவிடும்.

இதை யார் கொண்டு போவது?

ரோமப் பேரரசுக்கு அஞ்சல் வசதி இருந்தது. வழிநெடுகக் குதிரை மாற்றும் நிலையங்கள், வண்டிகள் எல்லாம் இருந்தன. ஆனால் அரசாங்க வேலைக்கு மட்டும். மற்றவர்கள் அந்தத் திசையில் போகிற ஒரு ஆளைப் பிடிக்க வேண்டும். அந்த ஆள் வழியில் சாகாமல், கடிதத்தைத் தொலைக்காமல், பிரித்துப் படித்து எதிரியிடம் கொடுக்காமல் போய்ச் சேரவேண்டும். சேர்ந்த இடத்தில், இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால் அனுப்பியவரின் மனதை அறிந்து பதில் சொல்லவும் தெரிய வேண்டும்.

பவுலைச் சுற்றி ஆண்களுக்குக் குறைவில்லை. தீமோத்தேயு இருந்தார். எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய நன்கொடையோடு பவுல்கூடப் போகத் தயாரானவர்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் ஏழு பேரின் பெயரைச் சொல்கிறது.

கடிதத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்தால் முதலில் நிற்பது ஒரு பெண்ணின் பெயர். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரரான நம் சகோதரி பெபேயாளை உங்களிடம் ஒப்புவிக்கிறேன் என்கிறார் பவுல். அவரை மரியாதையோடு வரவேற்கச் சொல்கிறார். எந்தக் காரியத்தில் உங்கள் உதவி தேவைப்பட்டாலும் செய்யுங்கள் என்கிறார். காரணமும் தருகிறார்: இவர் பலருக்கும் ஆதரவாக இருந்தவர், எனக்கும்தான்.

அந்தக் கால வழக்கப்படி, கடிதத்தோடு வருகிறவரைத்தான் கடிதத்தில் இப்படி அறிமுகம் செய்வார்கள். ரோமர் நிருபத்தைக் கொண்டுபோனவர் பெபேயாள் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் முடிவு கட்டியிருப்பது இதனால்தான்.

யார் இவர்? கணவர் பெயர் இல்லை. தகப்பன் பெயர் இல்லை. மகன் பெயரும் இல்லை. பெபேயாள் என்பதோ கிரேக்கப் புராணத்துப் பெண் தெய்வம் ஒன்றின் பெயர். யூதக் குடும்பம் தன் மகளுக்கு அப்படிப் பெயர் வைத்திருக்காது. அப்படியானால், பவுலையே ஆதரிக்கும் அளவுக்கு இந்தப் பெண்ணுக்குச் செல்வாக்கு எங்கிருந்து வந்தது?

★

விடைக்கு ஒரு கல்லைப் பார்க்க வேண்டும்.

1954-ல் கொரிந்துவுக்கு அருகே, ஒரு பழைய கல்லறையில் கட்டுமானக் கல்லாகத் திரும்பப் பயன்படுத்தப்பட்டிருந்த ஒரு கல்வெட்டு கிடைத்தது. ஒரே கல்லில் ஐந்து ஆவணங்கள். ஐந்தும் ஒரே பெண்ணைப் பற்றியவை. அவர் பெயர் யூனியா தியொதோரா. கொரிந்துவில் வாழ்ந்த ரோமக் குடிமகள். காலம் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி. பெபேயாள் வாழ்ந்த அதே தலைமுறை, அதே வட்டாரம்.

இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த லிசியா நாட்டிலிருந்து கொரிந்துவுக்கு வரும் வணிகர்களையும் தூதர்களையும் நாடு கடத்தப்பட்டு வந்தவர்களையும் இந்த அம்மாள் தன் வீட்டில் தங்கவைத்திருக்கிறார். ரோம அதிகாரிகளிடம் அவர்களுக்காகப் பேசியிருக்கிறார். நன்றி சொல்ல லிசிய நகரங்கள் போட்டி போட்டுத் தீர்மானம் நிறைவேற்றின. தங்கக் கிரீடம் தருகிறோம் என்றார்கள். பொன் பின்னணியில் அவர் உருவத்தை வரைந்து வைக்கிறோம் என்றார்கள். அவர் காலமாகும்போது ஈமச் சடங்குக்கு எரிக்கக் குங்குமப்பூ ஐந்து மினா எடை தயாராக வைத்திருக்கச் சொன்னார்கள். நம் கோயில் சுவர்களில் நிலமும் நந்தா விளக்கும் கொடுத்த பெண்களின் பெயரை வெட்டிவைத்தது போல அந்த நன்றியையும் கல்லில் வெட்டிவைத்தார்கள்.

அந்தக் கல் இந்த அம்மாளின் உதவியைச் சொல்லும் சொல்லும், பவுல் பெபேயாளைச் சொல்லும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. ஆதரவு கேட்டு வந்தவருக்கு வீடு, பணம், அதிகாரிகளிடம் சிபாரிசு, வம்பு வந்தால் பொறுப்பு எல்லாம் கொடுக்கிற புரவலர் என்று பொருள். பின்னாளில் வந்தவர்கள் பெபேயாளை ஏதோ கூடமாட ஒத்தாசை செய்தவர் என்று சிறுத்துப் பேசினார்கள். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. உதவி பெற்றவர் பவுல். அதைக் கூச்சப்படாமல், ரோம் நகரமே படிக்கப்போகும் கடிதத்தில் அவர் எழுதினார். பிற்காலத்தவர்களுக்குத்தான் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கெங்கிரேயா துறைமுக ஊர். எபேசுவிலிருந்தும் சீரியாவிலிருந்தும் வருகிறவர்கள் இறங்குவது அங்கே. சத்திரங்களுக்கு அன்று நல்ல பெயர் கிடையாது. திருட்டும் மூட்டைப்பூச்சியும் விபச்சாரமும் அவற்றோடு சேர்ந்தே வந்தன. சபையின் ஊழியர்கள் ஊர் ஊராகப் போக வேண்டுமென்றால் நம்பிக்கையான ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டுக்காரியாகப் பெபேயாள் இருந்திருப்பார். அதோடு சபையில் பொறுப்பும் இருந்தது. பவுல் தனக்கும் தன் உடன் வேலையாட்களுக்கும் வைத்துக்கொள்ளும் ஊழியர் என்ற பெயரைத்தான் இவருக்கும் வைக்கிறார்.

இந்த நேரத்தில்தான் இடி விழுந்தது.

பவுல் கொரிந்துவிலிருந்து சீரியாவுக்குக் கப்பலேறத் தயாரானார். தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்று அவருக்குத் தகவல் கிடைத்தது. சீரியாவுக்குக் கப்பல் என்றால் கிழக்குத் துறைமுகம், அதாவது கெங்கிரேயா. பவுல் கப்பலைக் கைவிட்டார். கால்நடையாக வடக்கே, மக்கெதோனியா வழியாகப் போனார். பஸ்கா பண்டிகை வந்தபோது பிலிப்பியில் இருந்தார். லீதியாளின் ஊர்.

கடிதம்? அது மேற்கே போக வேண்டியது.

★

பண்டைய உலகத்தில் பயணிகளுக்கென்று கப்பல் கிடையாது. சரக்குக் கப்பலில் இடம் கேட்டு, மேல்தளத்தில் பாயை விரித்து, கொண்டுபோன சோற்றைத் தின்று, கொண்டுபோன போர்வையைப் போர்த்திப் படுக்க வேண்டும். நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடப்பட்டது என்பது மாலுமிகள் கணக்கு. அதற்கப்புறமும் காற்று ஒத்துழைத்தால்தான் பாய் விரியும். பெபேயாள் தனியாகப் போயிருக்க மாட்டார்; அந்த அந்தஸ்தில் இருந்த பெண்ணோடு வேலைக்காரர்கள் போவது வழக்கம். ஆனாலும் கடலுக்கு அந்தஸ்து தெரியாது. புகைக்கரி மையில் எழுதிய சுருளைத் தண்ணீர் படாமல் காப்பது அவர் பாடு.

லெக்கேயத்திலிருந்து கொரிந்து வளைகுடா வழியாக மேற்கே. அங்கிருந்து இத்தாலியின் குதிகால் பக்கமிருக்கும் பிருந்திசியத்தில் இறங்கினால், ரோமுக்குக் கல் பாவிய அப்பியன் சாலை. 500 கிலோமீட்டருக்கு மேல். இல்லையென்றால் சிசிலியைச் சுற்றிப் புத்தேயோலி. சுமார் 3 வருடம் கழித்துப் பவுல் வந்து இறங்கியது புத்தேயோலியில்தான். ஆனால் அவர் வந்தது விலங்கோடு, கைதியாக. அவருடைய கடிதமும் அதைச் சுமந்த பெண்ணும் அவருக்கு முன்பே ரோமுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

ரோமில் அன்று கிறிஸ்தவர்களுக்குக் கோயில் இல்லை, பொது மண்டபம் இல்லை. தீபர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏழைகளும் வெளிநாட்டவரும் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகளில் சிறு சிறு கூட்டங்களாகக் கூடினார்கள் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. பல மாடிக் குடியிருப்புகள் அவை. மேல் மாடிகளில் தண்ணீர் வசதி கிடையாது. தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் கதி அதோகதி. ஒரு சபைக்கும் இன்னொரு சபைக்கும் பேச்சுவார்த்தை அரிது. கடிதத்தை ஒரே இடத்தில் வாசித்தால் போதாது. வீடு வீடாகப் போகவேண்டும்.

முதலில் எந்த வீட்டுக்கு? கடிதமே சொல்கிறது. வாழ்த்துப் பட்டியலில் முதலில் வரும் பெயர் பிரிஸ்கில்லாள். ஆமாம், கொரிந்துப் பட்டறையில் பவுலோடு உட்கார்ந்து கூடாரம் தைத்த அதே பிரிஸ்கில்லாள். கிலவுதியு இறந்த பிறகு கணவரோடு ரோமுக்குத் திரும்பி, வீட்டிலேயே ஒரு சபையை நடத்திக்கொண்டிருந்தார். தன் உயிருக்காக இந்த இருவரும் தங்கள் உயிரையே பணயம் வைத்தார்கள் என்று பவுல் எழுதுகிறார். எந்தச் சந்தர்ப்பத்தில் என்பதை எழுதவில்லை.

முழுக் கடிதத்தையும் உரக்க வாசிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். வாசித்தவர் பெபேயாளேயா, பக்கத்தில் நின்று விளக்கம் மட்டும் சொன்னாரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் நேற்றுவரை பவுலோடு இருந்துவிட்டு வந்த ஒரே ஆள் அந்த அறையில் அவர்தான். சந்தேகம் வந்தவர்கள் வேறு யாரிடம் கேட்டிருப்பார்கள்? மார்ட்டின் லூதரைப் புரட்டிப்போட்ட நிருபம், கார்ல் பார்த் விரிவுரை எழுதிய நிருபம், இன்றும் இறையியல் கல்லூரிகளில் வரி வரியாக அலசுகிற நிருபம். அதற்கு முதல் விளக்கம் ஒரு துறைமுகத்துப் பெண்ணின் வாயிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அவருக்கு ரோமில் வேறு என்ன காரியம் இருந்தது? எந்தக் காரியமானாலும் உதவுங்கள் என்று பவுல் பொதுவாகச் சொல்லி விட்டுவிடுகிறார். வழக்கு விவகாரம் என்பார் சிலர். வியாபாரம் என்பார் சிலர். பவுலின் ஸ்பெயின் பயணத்துக்குப் பணமும் ஆளும் ஏற்பாடு செய்யவே போனார் என்பது இன்னொரு தரப்பு. மூன்றில் எதுவானாலும், வெறுங்கையோடு போய்க் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய தபால்காரர் இல்லை அவர்.

★

அவர் திரும்பிக் கெங்கிரேயாவுக்குப் போனாரா, ரோமிலேயே தங்கினாரா? இரண்டு வசனத்தோடு பெபேயாளின் கதை அறுந்துவிடுகிறது. ஆனால் பெயர் சாகவில்லை. 1903-ல் எருசலேமின் ஒலிவ மலையில் ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. அடிப்பாகம் உடைந்த கல். பெபேயாளுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. அதில் சோபியா என்ற பெண் ஊழியரின் பெயர் இருக்கிறது. அவருக்குக் கொடுத்திருக்கும் பட்டம், இரண்டாம் பெபேயாள். ஒரு பெண்ணின் சபை ஊழியத்தைப் புகழ வேண்டுமென்றால் இவர் பெயரைச் சொன்னால் போதும் என்ற நிலை அப்போதே வந்துவிட்டது. நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஃபீபி என்று பெயர் வைத்திருப்பவர்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் நிற்பவர் இவர்தான் என்று தெரிந்துகொள்ளட்டும்.

இப்போது அந்த வாழ்த்துப் பட்டியலுக்குத் திரும்புவோம். ரோமில் இருக்கும் 26 தனி நபர்களைப் பவுல் வாழ்த்துகிறார். அவர்களில் 9 பேர் பெண்கள். மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்ற நான்கு பேரைப் பற்றி மட்டும் கடுமையாக உழைத்தவர்கள் என்று எழுதுகிறார். அந்தப் பட்டியலில் எந்த ஆணுக்கும் அந்தப் பாராட்டு இல்லை. ரூப்பு என்பவரின் தாயை, எனக்கும் தாய் என்கிறார்.

இந்த ஒன்பது பேரில் ஒருவர் யூனியா. கொரிந்துக் கல்லில் பார்த்த யூனியா வேறு, இவர் வேறு. பவுலுக்கு முன்பே கிறிஸ்தவரானவர். பவுலோடு சிறையில் கிடந்தவர். அப்போஸ்தலர்களுக்குள்ளே பேர்பெற்றவர் என்று பவுலே எழுதிய ஒரே பெண். 4-ஆம் நூற்றாண்டில், கான்ஸ்டாண்டிநோபிளின் பேராயரான யோவான் கிறிசோஸ்தொம், ஒரு பெண் அப்போஸ்தலர் என்று அழைக்கப்பட்டாரே என்று வியந்து போற்றினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிர்ச்சி. இடைக்காலத்தில் யூனியா ஆணாகிவிட்டார். லூதரின் ஜெர்மன் பைபிளில் ஆண். 1927-ல் அச்சான கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பிலும் ஆண். அறிஞர்கள் கையில் வைத்திருக்கும் அந்தக் கிரேக்கப் பதிப்பில் அவர் மறுபடி பெண்ணானது 1998-ல்தான்.

யூனியாவை ஆணாக்கியது யார்? எதற்காக? அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)